வீட்டுக் கணினிக்கு ஆன்டி-ஸ்பைவேர்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

உங்களுக்குத் தெரியாமல் கணினியில் இருந்துகொண்டு உங்கள் தகவல்களைத் திரட்டி அனுப்பும் உளவு நிரல்தான் ஸ்பைவேர். அதைத் தடுக்க "எந்த ஆன்டி-ஸ்பைவேர் போடலாம்?" என்று கேட்பவரிடம் ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். ஆனால் இந்தத் துறையில் நிறுவனங்கள் கைமாறுகின்றன, இலவசமாக இருந்தது கட்டணமாகிறது, நல்ல பெயர் எடுத்தவர்களே தடம் மாறிப் போவதும் உண்டு. அதனால் பெயர்களோடு சேர்த்து, ஒரு மென்பொருளை எப்படி எடைபோடுவது என்பதையும் படிப்படியாகச் சொல்கிறேன். அதைத் தெரிந்துகொண்டால் அடுத்த வருடமும் உங்களால் சொந்தமாக முடிவெடுக்க முடியும்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பைவேரைத் தேடும் மென்பொருள் நீங்கள் திறக்கும் எல்லா ஃபைல்களையும் படிக்கும். நீங்கள் போகும் இணைய முகவரிகளைப் பார்க்கும். சில மென்பொருள்கள், பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த இணைப்புகளைக்கூடப் பிரித்துப் பார்க்கும். வீட்டுச் சாவியை ஒரு காவலாளியிடம் கொடுப்பது மாதிரிதான் இது. ஆகவே "எவ்வளவு பிடிக்கும்?" என்று கேட்பதற்கு முன்னால் "இவர்களை நம்பலாமா?" என்று கேட்க வேண்டும்.

படி 1: எதைத் தடுக்கப் போகிறோம்?

2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஆன்டிவைரஸ் வேறு, ஆன்டி-ஸ்பைவேர் வேறு. இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்து விளம்பரம் காட்டி, நீங்கள் எங்கெல்லாம் போகிறீர்கள் என்று குறித்து அனுப்பும் நிரல்களை ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பயனர்தானே 'சம்மதம்' அழுத்தினார் என்பது அன்றைய நிலை. அந்த இடைவெளியில்தான் ஆட்-அவேர், ஸ்பைபாட் மாதிரியான தனி மென்பொருள்கள் பெயர் பெற்றன. இன்று அந்தப் பிரிவு கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. நல்ல ஆன்டிவைரஸ் என்றால் ஸ்பைவேரையும் சேர்த்தே பார்க்கும். எனவே "ஆன்டி-ஸ்பைவேர்" என்று பெயரில் இருக்கிறதா என்று தேட வேண்டியதில்லை.

ஆபத்தில் பெரியது, இன்ஃபோஸ்டீலர் என்று அழைக்கப்படும் தகவல் திருடி. விளம்பரம் காட்டாது, கணினியை மெதுவாக்காது, எந்த அறிகுறியும் தராது. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள், குக்கிகள், கார்டு விவரங்கள் எல்லாவற்றையும் சில நிமிடங்களுக்குள் சுருட்டி அனுப்பிவிடும். சில வகைகள் வேலை முடிந்ததும் தங்களையே அழித்துக்கொள்ளும். இதில் குக்கி திருட்டைப் புரிந்துகொள்வது அவசியம். ஒரு தளத்தில் நீங்கள் ஏற்கெனவே நுழைந்திருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளம் அந்தக் குக்கியில்தான் இருக்கிறது. அது கையில் கிடைத்தால் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே உங்கள் கணக்குக்குள் நுழைய முடியும். "கணினி நன்றாகத்தான் ஓடுகிறது, பிரச்சினை இல்லை" என்ற நினைப்பு இங்கே உதவாது.

இதற்கு அடுத்து வருவது பிரவுசரின் முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்றிவிடும் ஹைஜாக்கர்களும், விளம்பரங்களைத் திணிக்கும் ஆட்வேர்களும். எரிச்சல் தரும், ஆனால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது, தட்டச்சு செய்வதைப் பதிவு செய்யும் கீலாகர். நான்காவது வகை கொஞ்சம் வேறு: உங்கள் கணினியைத் தொடக்கூடிய ஒருவரே உங்களைக் கண்காணிக்க நிறுவி வைக்கும் மென்பொருள். ஸ்டாக்கர்வேர் என்று பெயர். அதைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

படி 2: ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் உள்ளேயே இருக்கிறது. இது பிறந்ததே ஆன்டி-ஸ்பைவேராகத்தான். 2004 டிசம்பரில் ஜயன்ட் என்ற சிறு நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அவர்களுடைய ஸ்பைவேர் தடுப்பு மென்பொருள்தான் விண்டோஸ் டிஃபெண்டராக மாறியது. விண்டோஸ் விஸ்டாவில் வந்தபோது ஸ்பைவேரை மட்டும் பார்த்தது. 2012-இல் விண்டோஸ் 8-இலிருந்து முழு ஆன்டிவைரஸ் ஆனது. "கூடவே வருவது, எங்கே நன்றாக இருக்கப் போகிறது" என்ற பழைய எண்ணத்தை விட்டுவிடலாம். சில வருடங்களாகவே இது பரிசோதனைக் கூடங்களில் கட்டண மென்பொருள்களோடு சேர்ந்து நல்ல மதிப்பெண் வாங்குகிறது.

ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறங்கள். 'வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்' பகுதிக்குப் போய், 'மேனேஜ் செட்டிங்ஸ்' என்பதற்குள் நிகழ்நேரப் பாதுகாப்பு, கிளவுட் வழிப் பாதுகாப்பு, டேம்பர் ப்ரொடெக்‌ஷன் மூன்றும் ஆன் ஆகியிருக்கின்றனவா பாருங்கள். மூன்றாவது எதற்கு என்றால், உள்ளே நுழைந்த தீய நிரல் டிஃபெண்டரையே அணைத்துவிடாமல் தடுப்பதற்கு.

அப்புறம் பலர் பார்க்காமல் விட்டுவிடும் இடம் ஒன்று இருக்கிறது. 'ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்' பகுதியில் 'ரெப்யூடேஷன் பேஸ்ட் ப்ரொடெக்‌ஷன்' என்பதைத் திறந்தால் 'பொடென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். வைரஸ் என்று சொல்ல முடியாத, ஆனால் யாரும் விரும்பிக் கேட்காத மென்பொருள்களைத் தடுப்பது இதுதான். ஆட்வேரில் பெரும்பகுதி இந்த வகை. ஸ்விட்சையும் அதற்குக் கீழே உள்ள இரண்டு டிக்குகளையும் போட்டுவிடுங்கள். தனி ஆன்டி-ஸ்பைவேர் தேடி வருகிற பலருடைய தேவை இந்த ஒரு ஸ்விட்சோடு தீர்ந்துவிடும்.

புதுக் கணினியில் வேறொரு ஆன்டிவைரஸின் இலவசச் சோதனைப் பதிப்பு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கலாம். அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். சோதனைக்காலம் முடிந்த பிறகும் அதை அப்படியே விட்டுவைப்பதுதான் மோசமான நிலை. காவல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், காவல் இல்லாமலே இருக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியின் செட்டிங்ஸில் 'மேனேஜ் ப்ரொவைடர்ஸ்' என்று இருக்கும். அதைத் திறந்தால் இப்போது யார் பொறுப்பில் இருக்கிறார்கள் என்று தெரியும். வேண்டாததை நீக்கிவிட்டு கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள், டிஃபெண்டர் தானாக எழுந்துகொள்ளும். சில ஆன்டிவைரஸ்கள் சாதாரண அன்இன்ஸ்டாலில் முழுதாகப் போகாது. அந்தந்த நிறுவனமே இதற்கென ஒரு நீக்கும் கருவியைத் தன் தளத்தில் வைத்திருக்கும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்ப்ரொடெக்ட், கேட்கீப்பர் என்ற இரண்டு பாதுகாப்புகள் இயல்பாகவே ஓடுகின்றன. இயங்குதளத்தை அப்டேட்டில் வைத்திருப்பதுதான் அங்கே முக்கியமான வேலை. விண்டோஸ் 10-ஐ இன்னும் ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட் வராத கணினியில் எந்த ஆன்டி-ஸ்பைவேரைப் போட்டாலும் ஓட்டை அப்படியே இருக்கும்.

படி 3: இன்னொன்று தேவையா?

பெரும்பாலான வீடுகளுக்கு நிகழ்நேரத்தில் காவல் காக்க இரண்டாவது மென்பொருள் தேவையில்லை என்பது என் கருத்து. இரண்டு நிகழ்நேர மென்பொருள்களை ஒரே கணினியில் ஓட விடவே கூடாது. ஒன்று திறக்கும் ஃபைலை மற்றொன்று சோதிக்கும், ஒன்று ஒதுக்கி வைத்ததை மற்றொன்று ஆபத்து என்று கத்தும், கணினி தவழும்.

ஆனால் இரண்டாவது கருத்து கேட்பதற்கு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. அதாவது, எப்போதும் ஓடிக்கொண்டிருக்காமல் நீங்கள் கூப்பிட்டால் மட்டும் வந்து ஸ்கேன் செய்துவிட்டுப் போகும் வகை. மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு இதற்குப் பொருத்தமானது. முதலில் கட்டணப் பதிப்பின் வசதிகளைச் சில நாட்கள் சோதனைக்குத் தரும், அது முடிந்ததும் கூப்பிட்டால் வரும் ஸ்கேனராக மட்டும் நின்றுவிடும். சோதனைக்காலம் முடிந்த அன்று, படி 2-இல் சொன்ன இடத்துக்குப் போய் டிஃபெண்டர் மறுபடி பொறுப்பேற்றுக்கொண்டதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆட்வேர், பிரவுசர் ஹைஜாக்கர் தொல்லை என்றால் ஏடிடபிள்யூகிளீனர் நன்றாக உதவும். இதை இன்ஸ்டால் செய்யக்கூட வேண்டாம், டவுன்லோடு செய்து அப்படியே ஓட்டலாம். 2016-இல் மால்வேர்பைட்ஸ் நிறுவனம் இதை வாங்கிவிட்டதால் இப்போது அவர்கள் தளத்திலேயே கிடைக்கிறது.

சரி, யாருக்குத்தான் கட்டண மென்பொருள் தேவை? ஒரே கணினியைப் பலர் பயன்படுத்துகிறார்கள், தெரியாத ஃபைல்கள் தினமும் வந்து போகின்றன, அல்லது வீட்டில் உள்ள பல சாதனங்களை ஒரே இடத்திலிருந்து கவனிக்க வேண்டும் என்றால் யோசிக்கலாம். அப்படி வாங்குபவர்களுக்குத்தான் அடுத்த இரண்டு படிகளும்.

படி 4: பரிசோதனைக் கூடங்களின் முடிவைப் படியுங்கள்

"சிறந்த 10 ஆன்டி-ஸ்பைவேர்" என்று வரும் பட்டியல்களை நம்ப வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை, நீங்கள் இணைப்பை அழுத்தி வாங்கினால் கமிஷன் பெறுபவை. அதற்குப் பதிலாக ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் உள்ள ஏவி-கம்பேரடிவ்ஸ், லண்டனில் உள்ள எஸ்இ லேப்ஸ் ஆகிய மூன்றும் வெளியிடும் முடிவுகளைப் பாருங்கள். மூன்றும் இலவசமாகவே இணையத்தில் கிடைக்கின்றன.

ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்று மூன்று தலைப்புகளில் தலா 6 புள்ளிகள், ஆக 18 தருகிறது. இதில் 'பயன்பாடு' என்ற தலைப்பு புதியவர்களைக் குழப்பும். திரை அழகாக இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. நல்ல மென்பொருளையும் நல்ல தளத்தையும் ஆபத்து என்று தவறாகச் சொல்கிறதா என்பதைத்தான் அங்கே அளக்கிறார்கள். இந்தத் தவறான எச்சரிக்கையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரத்துக்கு நான்கு முறை காரணமின்றிக் கத்தும் மென்பொருளை வீட்டில் இருப்பவர்கள் கவனிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஐந்தாவது முறை நிஜமாகவே ஆபத்து வரும்போது 'அனுமதி' என்று அழுத்திவிடுவார்கள்.

ஒரே ஒரு முறை நடந்த சோதனையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒன்றரை, இரண்டு வருட முடிவுகளைச் சேர்த்துப் பாருங்கள். 99.7 சதவீதத்துக்கும் 99.9 சதவீதத்துக்கும் இடையில் ஒரு சோதனையில் இருக்கும் வித்தியாசம், அடுத்த சோதனையில் தலைகீழாகலாம். தொடர்ந்து மேலே இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பழைய கணினி என்றால் வேகத்துக்கான அட்டவணையையும் தவறாமல் பாருங்கள்.

படி 5: இவர்கள் எப்படிச் சம்பாதிக்கிறார்கள்?

எனக்கு இது எல்லாவற்றிலும் முக்கியமான படி. அவாஸ்ட் நிறுவனத்தின் கதையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்திய இலவச ஆன்டிவைரஸ் அது. பயனர்களை இணையத்தில் பின்தொடர்பவர்களிடமிருந்து காப்பதாகச் சொல்லிக்கொண்டே, அவர்கள் எந்தெந்தப் பக்கங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. 2020 ஜனவரியில் செய்தி வெளியானதும் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் செலுத்த வைத்ததோடு, பார்வை விவரங்களை விளம்பரத்துக்காக விற்கவும் தடை விதித்தது. அந்த மென்பொருள் பரிசோதனைகளில் நல்ல மதிப்பெண்ணே வாங்கிவந்தது. வைரஸைப் பிடிப்பதில் கெட்டிக்காரத்தனமும் நம்பகத்தன்மையும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம்.

ஆகவே வாங்கும் முன், அல்லது இலவசமாக எடுக்கும் முன், அவர்களுடைய தனியுரிமைக் கொள்கையைத் திறங்கள். முழுதும் படிக்க முடியாவிட்டாலும் 'மூன்றாம் தரப்பு', 'விளம்பரம்', 'பார்வை வரலாறு' என்பவற்றைக் குறிக்கும் சொற்களைத் தேடி, அந்தப் பத்திகளை மட்டுமாவது படியுங்கள். நிறுவனத்தின் பெயர், முகவரி, உரிமையாளர் யார் என்பது தளத்தில் தெளிவாக இல்லை என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா, முதல் வருடத்துக்குப் பிறகு கட்டணம் எவ்வளவு, நிறுத்துவது எப்படி என்பதையும் பணம் கட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும். கூடவே வரும் பிரவுசர் நீட்சி (எக்ஸ்டென்ஷன்), விபிஎன், 'கணினியை வேகமாக்கும்' கருவி எதுவும் வேண்டாம். இன்ஸ்டால் செய்யும்போது 'கஸ்டம்' வழியைத் தேர்ந்தெடுத்து அவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள்.

படி 6: போலியை அடையாளம் காணுங்கள்

ஸ்பைவேர் பரவும் பழைய வழிகளில் ஒன்று, ஆன்டி-ஸ்பைவேர் வேடம் போட்டு வருவது. 2008 டிசம்பரில் அதே அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்த ஒரு கூட்டம் வின்ஃபிக்ஸர், டிரைவ்கிளீனர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் என்ற பெயர்களில் போலிகளை விற்றது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏமாந்ததாக ஆணையம் சொன்னது. "உங்கள் கணினியை ஸ்கேன் செய்தோம், இத்தனை ஆபத்துகள் இருக்கின்றன, நீக்கப் பணம் கட்டுங்கள்" என்பதுதான் தந்திரம். ஸ்கேன் எதுவும் நடந்திருக்கவில்லை. பெயர்கள் மாறியிருந்தாலும் தந்திரம் இன்றும் அதேதான்.

ஓர் இணையப் பக்கத்தால் உங்கள் கணினியின் உள்ளே இருக்கும் ஃபைல்களை ஸ்கேன் செய்ய முடியாது. இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். இணையப் பக்கத்துக்குள் "வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது" என்று எது வந்தாலும், எந்தப் பெரிய நிறுவனத்தின் சின்னம் இருந்தாலும், அது பொய். கூப்பிடச் சொல்லி ஃபோன் நம்பர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பெருக்கல் குறியையும் அழுத்தாதீர்கள், அதுவும் ஒரு பொத்தானாக இருக்கலாம். திரை முழுதும் அடைத்துக்கொண்டால் எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். அப்படியும் திரை விடவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரையே மூடிவிடுங்கள்.

திரையின் வலது கீழ் மூலையில் அடிக்கடி எச்சரிக்கை எட்டிப் பார்க்கிறதா? பெரும்பாலும் அது ஸ்பைவேர் இல்லை. ஏதோ ஒரு தளம் "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?" என்று கேட்டபோது யாரோ 'சரி' சொல்லியிருப்பார்கள். பிரவுசரின் செட்டிங்ஸில் 'சைட் செட்டிங்ஸ்', அதில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போய்த் தெரியாத தளங்களை நீக்கினால் அப்போதே நின்றுவிடும்.

சமீப வருடங்களில் பரவியிருக்கும் இன்னொரு வழி, எந்த மென்பொருளும் முழுதாகத் தடுக்க முடியாதது. "நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்" என்று ஒரு பக்கம் கேட்கும். விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தச் சொல்லும், பிறகு கண்ட்ரோலும் வி-யும், கடைசியில் என்டர். அதைச் செய்தால், அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் காப்பி செய்து வைத்த கட்டளையை நீங்களே ஓட்டிவிடுகிறீர்கள். இன்ஃபோஸ்டீலர் உள்ளே வந்துவிடும். எந்த உண்மையான தளமும் இப்படிக் கேட்காது.

படி 7: டவுன்லோடு, நிறுவல், சோதனை

தேடுபொறியில் பெயரைப் போட்டு மேலே வரும் முதல் இணைப்பை அழுத்தாதீர்கள், அது விளம்பரமாக இருக்கலாம். விளம்பர இடத்தை விலைக்கு வாங்கி, அசல் மாதிரியே போலித் தளம் வைத்துத் தீய மென்பொருள் பரப்புகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் எச்சரித்தது. விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பயன்படுத்துமாறும் அப்போது பரிந்துரைத்தது. முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். டவுன்லோடு ஆன ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பாருங்கள். அந்த நிறுவனத்தின் பெயர் இல்லையென்றால் ஓட்டாமல் அழித்துவிடுங்கள்.

நிறுவியதும் முதலில் அப்டேட், பிறகு முழு ஸ்கேன். மென்பொருள் வேலை செய்கிறதா என்று பார்க்க ஐகார் (EICAR) சோதனை ஃபைல் என்று ஒன்று இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத ஃபைல். ஆனால் எல்லா ஆன்டிவைரஸ்களும் அதைப் பார்த்தால் வைரஸ் என்று பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஐகார் தளத்திலிருந்தே எடுத்துச் சோதிக்கலாம். பாதுகாப்பு மென்பொருள்களைச் சோதிக்கும் முறைகளுக்கான ஆம்ட்சோ (AMTSO) என்ற அமைப்பின் தளத்தில், வேண்டாத மென்பொருள் தடுப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்று சோதிக்கும் பக்கமும் உண்டு.

பிரவுசர் நீட்சிகளையும் ஒருமுறை பாருங்கள். 'எல்லாத் தளங்களிலும் உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி வாங்கியவற்றில், யார் எதற்காகப் போட்டது என்று தெரியாதவற்றை நீக்கிவிடுங்கள். நீங்கள் அனுமதித்த ஒன்று என்பதால் ஆன்டி-ஸ்பைவேர் அதைக் கேள்வி கேட்காமல் விடலாம்.

ஸ்கேனில் ஏதாவது சிக்கினால்

உடனே அழிக்காமல் 'குவாரன்டைன்' செய்யுங்கள், அதாவது இயங்க முடியாதபடி தனியாக ஒதுக்கி வையுங்கள்; தவறான எச்சரிக்கை என்றால் மீட்கலாம். சந்தேகமாக இருக்கும் ஒரு ஃபைலை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல நிறுவனங்களின் ஆன்டிவைரஸ்கள் என்ன சொல்கின்றன என்று ஒரே இடத்தில் தெரியும். ஆனால் அங்கே ஏற்றும் ஃபைல்கள் மற்றவர்களுக்கும் கிடைக்கும் என்பதால் சொந்த ஆவணங்களை ஏற்றக் கூடாது. பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப வந்தால் டிஃபெண்டரில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடுவதால், ஒளிந்துகொள்ள அந்த நிரலுக்கு இடம் கிடைக்காது. சுமார் 15 நிமிடங்கள் ஆகும், திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள்.

உங்களை யாரோ தெரிந்தவரே கண்காணிக்கிறார் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் அவசரப்பட்டு எதையும் நீக்காதீர்கள். நீக்கிய விஷயம் அவருக்குத் தெரிந்துவிடும், நிலைமை ஆபத்தாகலாம். அவர் தொடாத வேறொரு கணினியிலிருந்தோ ஃபோனிலிருந்தோ முதலில் நம்பகமான ஒருவரிடமோ உதவி அமைப்பிடமோ பேசுங்கள். மென்பொருளை நீக்குவது அதற்குப் பிறகுதான்.

சிக்கியது பாஸ்வேர்டு திருடும் வகை என்றால் அதை நீக்குவதோடு வேலை முடியாது. சுத்தமான வேறொரு சாதனத்திலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். மின்னஞ்சல் முதலில், ஏனென்றால் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் வழி அங்கேதான் வருகிறது. பிறகு வங்கி, பிறகு மற்றவை. ஒவ்வொரு கணக்கிலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். திருடுபோன குக்கி செல்லாமல் போவது அப்போதுதான். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாத கணக்குகளில் அதையும் இப்போதே ஆன் செய்துவிடுங்கள்.

அதற்கு மேலும் சந்தேகம் தீரவில்லை என்றால், படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, இன்ஸ்டாலர் ஃபைல்களை விட்டுவிட்டு, 'ரீசெட் திஸ் பிசி' வழியாக எல்லாவற்றையும் நீக்கி விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். கணினி எழுந்ததும் முதலில் விண்டோஸ் அப்டேட், அடுத்து படி 2-இல் சொன்ன ஸ்விட்சுகள், அதன் பிறகு பிரவுசர். மாற்றிய பாஸ்வேர்டுகளை அந்தக் கணினியில் போடுவது இவையெல்லாம் முடிந்த பிறகு இருக்கட்டும்.